செல்மர் நைகார்டின் சட்டைத் துண்டு

கட்டம் போட்ட கம்பளிச் சட்டையின் காலரை ஆர்டிஸ் இரண்டாவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் தம்பி டுவேனின் டிரக் ஹாரன் அடித்தது. சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட அந்தச் சட்டையை அப்பா மான் வேட்டைக்கு மட்டும்தான் போடுவார். சவப்பெட்டியிலும் அதைத்தான் போட்டுவிட வேண்டும் என்று படுக்கையில் விழுந்த அன்றைக்கே சொல்லி வைத்திருந்தார். கோட்டும் டையுமாக மண்ணுக்குள் போக நான் என்ன பேங்க் மேனேஜரா என்று கேட்டார்.

செல்மர் நைகார்ட் செத்தது செவ்வாய்க்கிழமை. மான் வேட்டை தொடங்குவது சனிக்கிழமை. எங்கள் பக்கத்தில் இந்த இரண்டும் இப்படி நெருக்கி வந்தால் எதற்கு எது விட்டுக்கொடுக்கும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த பாதிரியார், அடக்கத்தைச் சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாமே என்று தெரியாமல் சொல்லிவிட்டார். "சனிக்கிழமை வெச்சா பெட்டியத் தூக்க ஆள் கெடைக்காதுங்க. எங்கப்பாவே வரமாட்டாரு" என்றான் டுவேன். வெள்ளிக்கிழமை காலை என்று முடிவாயிற்று.

இன்று வியாழன். சட்டையை மடிக்காமல் கையில் ஏந்தியபடி ஆர்டிஸ் டிரக்கில் ஏறினாள். நடு இருக்கையில் டுவேனின் மகள் காரி கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன மாதம்தான் பன்னிரண்டு முடிந்திருந்தது. பன்னிரண்டு முடிந்தால் துப்பாக்கி.

"அடக்க நிலையத்துல சட்டையக் குடுக்கப் போற வழியில லைல் கடையில ஒரு நிமிஷம் நிறுத்தறேன் ஆர்டி" என்றான் டுவேன். "இவளுக்கு ஒண்ணு எடுத்துடணும். நாளைக்கு எங்க நேரம் இருக்கப்போவுது?"

"பெட்டிய மூடறதுக்குள்ள எடுத்துடு" என்றாள் ஆர்டிஸ்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. அப்பாவின் வீட்டிலேயே இருந்துவிட்டவள். கடைசி ஏழெட்டு மாதம் அவருக்குச் சோறூட்டி, துணி மாற்றி, ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டி விட்டதெல்லாம் அவள்தான். அதற்காக ஒரு நல்ல வார்த்தை கிடைத்ததா என்றால் இல்லை. செவ்வாய்க்கிழமை மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது அவர் கடைசியாகக் கேட்டது, "கொழம்புப் பாத்திரத்தக் குடிலுக்கு அனுப்பிட்டியா?" என்பதுதான். வேட்டைக்குடிலில் முதல் நாள் சாயங்காலம் எல்லோருக்கும் ஆர்டிஸ் வைக்கும் இறைச்சிக் குழம்பு. அனுப்பிட்டேன்பா என்று பொய் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தார்.

லைல் கடையில் வேட்டைக்கு முந்தைய கூட்டம் நெரிந்தது. ஆரஞ்சு நிற மேலங்கிகள், தோட்டாப் பெட்டிகள், காலுக்கு வெதுவெதுப்பாக இருக்க வாங்கும் பொட்டலங்கள். ஆர்டிஸ் உள்ளே வந்ததும் எல்லோரும் தொப்பியைத் தொட்டு, அப்பாவைப் பற்றி ஆளுக்கொரு வரி சொல்லிவிட்டு மறுபடி பொருள் பார்க்கத் திரும்பினார்கள். லைலுக்கு எழுபது தாண்டிவிட்டது. அப்பாவின் கூட்டாளி. மேசைக்குப் பின்னாலிருந்து வந்து ஆர்டிஸின் தோளைத் தட்டிவிட்டுக் காரியைப் பார்த்தார்.

"இந்தப் புள்ளைக்கா? வா தாயி. கைய மடக்கு."

சுவரிலிருந்து ஒரு துப்பாக்கியை எடுத்து, அது காலியா என்று திறந்து பார்த்துவிட்டு, அதன் பின்கட்டையை அவளுடைய முழங்கை மடிப்பில் வைத்தார். விரல் விசைக்கு எட்டவில்லை. வேறொன்றை எடுத்தார். அதற்கும் எட்டவில்லை.

"எதுக்கு அளவெல்லாம்?" என்றான் டுவேன், சுவரிலிருந்து பெரிதாக ஒன்றை எடுத்துக்கொண்டு. "அவ வளந்துடுவா. பேசாம ஒரு முப்பது-ஆறு குடுங்க, ஆயுசுக்கும் ஆச்சு. கரடிக்கும் ஆவும், மானுக்கும் ஆவும்."

முப்பது-ஆறு என்பது பெரிய ரகம். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் அதைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். மற்ற பாதி, அதை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

"உனக்குப் புத்தி இருக்கா?" லைல் அவன் கையிலிருந்ததைப் பிடுங்கி மேலே மாட்டினார். "வளந்துடுவான்னு செருப்பப் பெருசா வாங்கலாம். துப்பாக்கிய வாங்கலாமா? இந்த எடைக்கு முப்பது-ஆறக் குடுத்தா, சுட்டதும் தோள்ல ஒரே உதை, புள்ள மல்லாந்துடும். அப்புறம் எத்தன சின்ன ரகத்தக் கையில குடுத்தாலும் விசைய அழுத்தறதுக்கு முன்னாடியே கண்ண மூடிக்கும். மனசுக்குத் தெரியாது, ஒடம்பு மறக்காது. ஆயுசுக்கும் போவாது அது."

"அப்ப எது?"

"எரநூத்தி நாப்பத்தி மூணு. தோட்டா சின்னது, நேராப் போவும், உதை கம்மி. தோள்ல யாரோ தட்டின மாதிரி இருக்கும். நம்ம ஊர் மானுக்கு இது தாராளம். கட்டையில ஒரு விரக்கடை அறுத்துத் தரேன், வளந்தப்புறம் திருப்பி ஒட்டிக்கலாம். குறி பாக்கற ஸ்கோப்பக் கண்ணுலேந்து தள்ளி வைக்கிறேன், புருவத்துல இடிக்காது. மொதத் துப்பாக்கிய யாருக்கும் இப்படித்தான் குடுக்கணும். இது தெரியாதவன் இந்த ஊர்ல யாருடா இருக்கான்?"

ஆர்டிஸின் வலது புருவத்தின் மேல் பிறைபோல ஒரு தழும்பு இருந்தது. பன்னிரண்டு வயதில் ஸ்கோப் இடித்துக் கிழிந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை, ஆனால் அந்த இடம் குறுகுறுத்தது.

"எனக்கு முப்பது-ஆறுதானே குடுத்தாரு" என்றாள்.

குரலில் ஒன்றும் இல்லை. சும்மா கேட்டதைப்போலத்தான் இருந்தது. லைல் சிரித்தார். செத்தவனைப் பற்றிய ஒரு நல்ல கதை கையில் இருக்கும்போது யாருக்கும் வருகிற சிரிப்புதான், அதில் ஒரு கெடுதலும் இல்லை.

"ஐயோ, அதக் கேக்கறியா? உனக்குன்னு நான் எரநூத்தி நாப்பத்தி மூணு எடுத்து வெச்சிருந்தேன் பொண்ணே. அப்பத்தான் அது புதுசா வந்த நேரம். உங்கப்பன் கையில வாங்கிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டான். 'இது உதைக்காதுடா லைல், எனக்கு உதைக்கறது வேணும்'னான். அவனோட முப்பது-ஆறுக்கு இருக்கறதுலயே கனமான தோட்டாவாக் கேட்டு வாங்கினான். ஸ்கோப்பக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டாந்து மாட்டிக்கிட்டான். உங்கம்மா போன அடுத்த வருஷமில்ல அது? 'இவளுக்குக் காட்டு ருசி புடிச்சுப்போச்சுன்னா குடில்ல எவன்டா சோறாக்குவான்? ஒரு உதை போதும், தானா அடுப்படிக்குப் போயிடுவா'ன்னான். பாரு, அதே மாதிரி ஆச்சு! ஆளக் கணக்குப் போடறதுல உங்கப்பன மிஞ்ச முடியுமா?"

பக்கத்தில் தோட்டா பார்த்துக்கொண்டிருந்த இருவர் தலையை ஆட்டிச் சிரித்தார்கள். அவர்களுக்கும் கதை தெரியும் என்பது அந்தச் சிரிப்பிலிருந்தே தெரிந்தது.

"அப்புறம் அந்தத் துப்பாக்கி?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"எது?"

"எனக்கு எடுத்து வெச்சது."

லைல் டுவேனைப் பார்த்தார். டுவேன் ஒரு கையுறையை எடுத்து விரல் விரலாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு அப்பா கொடுத்தது அந்தத் துப்பாக்கியைத்தான்.

முதல் துப்பாக்கியை இவ்வளவு யோசித்து யாரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். ரகம், தோட்டாவின் கனம், ஸ்கோப்பின் தூரம் எல்லாம் சரியாகப் பார்த்து, அளந்து, தன் மகளுக்கென்று எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆர்டிஸ் கையிலிருந்த சட்டையைத் தோள்மேல் போட்டுக்கொண்டாள்.

கடைக்குப் பின்னால் சரளைக்கல் குழி இருந்தது. துப்பாக்கி வாங்குகிறவர்கள் அங்கே சுட்டுப் பார்ப்பது வழக்கம். லைல் கட்டையை அறுத்து, ராவி, ஸ்கோப்பைத் தள்ளி மாட்டிக் கொடுத்தார். மணல்மூட்டைமேல் குழலைச் சாய்த்துக்கொண்டு காரி குனிந்தாள். டுவேன் அவள் காதுகளுக்குக் கவசம் மாட்டிவிட்டான்.

சத்தம் எதிர்க் கரையில் மோதித் திரும்பியது. காரி திரும்பிப் பார்த்து, "அவ்வளவுதானா?" என்றாள்.

குறிக்காக வைத்திருந்த அட்டையில் குண்டு வட்டத்துக்குள்ளேயே விழுந்திருந்தது.

ஆர்டிஸ் கிட்டப் போய் அவளுடைய தோளில் கை வைத்தாள். "வலிச்சுதா?"

"இல்லையே அத்தை. தள்ளின மாதிரி இருந்துச்சு. நீங்களும் ஒண்ணு சுடறீங்களா?"

"யாரு, கண்மூடியா?" என்றான் டுவேன். வாய் பழக்கம். குடிலில் அவளுக்கு அதுதான் பெயர். சொன்ன பிறகு அவனே கொஞ்சம் நெளிந்தான்.

ஆர்டிஸ் துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள். கட்டை அவளுக்குக் குட்டையாக இருந்தது, கழுத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் தோளில் அது எவ்வளவு லேசாக உட்கார்ந்தது! அட்டை தெரிந்தது. வட்டம் தெரிந்தது. காரி போட்ட ஓட்டைகூடத் தெரிந்தது. உதைக்காது, உதைக்காது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இதில் பயப்பட ஒன்றுமே இல்லை என்று இப்போது அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துவிட்டதே. விரலை மெல்ல அழுத்தினாள்.

விசை நகர்வதற்கு முன்பே கண் இறுக மூடிக்கொண்டது. தோள் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. வெடித்தபோது குழல் எங்கே பார்த்துக்கொண்டிருந்ததோ, அட்டையில் காரியின் ஓட்டை மட்டும்தான் இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று தோன்றியது அவளுக்கு.

டிரக்கில் போகும்போது காரி புதுத் துப்பாக்கியின் உறையைத் தடவிக்கொண்டே வந்தாள். சவ அடக்க நிலையத்தின் முன்னால் வண்டி நின்றதும் சட்டையோடு இறங்கிய ஆர்டிஸ், கதவைச் சாத்தாமல் நின்றாள்.

"உனக்கும் தெரியுமாடா?"

டுவேன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, "எல்லாருக்கும் தெரியுமே ஆர்டி" என்றான். "உனக்கும் தெரியும்னுதான் நெனச்சேன். பழைய கதை. அப்பா தமாசுக்குச் செஞ்சது."

"ம்."

"இப்பப் போயி அதப் பெருசு பண்ணாத. செத்துப்போன மனுசன்."

அவள் கதவைச் சாத்தினாள்.

அன்று முழுக்க அவள் நினைப்பில் இருந்தது குடிலின் சுவர்தான். பண்ணைக்குப் பின்னால், சதுப்பைத் தாண்டி, பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிறது அந்தக் குடில். அடுப்புக்கு எதிர்ச் சுவர் முழுக்கச் சட்டைத் துண்டுகள். மானைப் பார்த்துச் சுட்டுத் தவறவிட்டவனுடைய சட்டையின் அடிப்பக்கத்தை அன்றைக்கே வெட்டி, பெயரும் வருஷமும் எழுதி ஆணியடிக்க வேண்டும். எல்லோர் பெயரும் அங்கே உண்டு. லைலுக்கு மூன்றோ நான்கோ. டுவேனுக்கு இரண்டு. செல்மர் நைகார்டின் துண்டு மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. அவர் தவறவிட்டதே இல்லை. தவறக்கூடிய குண்டை அவர் சுடவே மாட்டார் என்பதுதான் உண்மை. ஆனால் பெருமைக்கு இரண்டும் ஒன்றுதான்.

சுவரின் நடுவில், நீலப் பூப்போட்ட சின்னத் துண்டு ஒன்று இருந்தது. ஆர்டிஸ், 1958. அம்மா இருந்தபோது தைத்துக் கொடுத்த சட்டை. புருவத்திலிருந்து ரத்தம் கண்ணுக்குள் வழிய வழிய அவள் நின்றுகொண்டிருக்கும்போது அப்பா தோலுரிக்கும் கத்தியால் அதை வெட்டினார். ஆண்கள் தரையில் கால் தட்டிச் சிரித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அவள்தான் உருளைக்கிழங்கு உரித்தாள். அதற்குப் பிறகு குடிலைத் தாண்டிக் காட்டுக்குள் கால் வைக்கவில்லை. தன்னைக் கோழை என்று அப்பா நினைப்பதில் என்ன தப்பு என்றுதான் முப்பத்தாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். நெருப்பு, தண்ணீர், நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவது, மேல்படிப்புக்கு வெளியூர் போவது என்று எது எதிரே வந்தாலும், நாம்தான் கண்மூடியாயிற்றே என்று பின்வாங்கிவிடுவாள்.

ஒரே ஒரு முறை கெஞ்சியிருக்கிறாள். ரோஜர் என்று ஒருத்தன் வீட்டுக்கு வரப்போக இருந்த காலம். "அந்தத் துண்ட மட்டும் எடுத்துடுங்கப்பா" என்று கேட்டாள். "ஆணி அடிச்சது அடிச்சதுதான்" என்றார் அப்பா. "எடுக்கக் கூடாது. குடிலோட சட்டம் அது, கவர்னரே வந்தாலும் நடக்காது." ரோஜரைக் கூட்டிக்கொண்டு போய் முதல் வேலையாக அதைத்தான் காட்டினார். ரோஜரும் சிரித்தான். அவன் பிற்பாடு வராமல் போனதற்குக் காரணம் வேறு. என்றாலும் ஆர்டிஸ் அதையும் அந்தத் துண்டோடு சேர்த்தே வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சர்ச் வாசலில் டிரக்குகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் தார்ப்பாய் மூடிய மூட்டைகள், படுக்கைகள், பீர்ப் பெட்டிகள். உள்ளே கறுப்புக் கோட்டுக்குக் கீழே ஆரஞ்சுக் காலுறை எட்டிப் பார்த்தது. நேற்றைய கனமான குளிர் போய், தரையில் மெல்லிய பனி விழுந்திருந்தது. தடம் பார்க்க இதைவிட நல்ல பனி கிடைக்காது. அழுத முகங்களிலும் அந்தச் சந்தோஷம் இருந்தது.

கீழ்த்தளச் சமையலறையில் பெண்கள் பன்னுக்குள் பன்றி இறைச்சி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆர்டிஸ் போனதும் ஒருத்தி அவளுடைய கன்னத்தைத் தடவி, "நீ எதுக்கும்மா இங்க வர்ற? மேல போயி அப்பாகிட்ட நில்லு. இனிமே பாக்கப்போறியா?" என்றாள்.

"பாக்கமாட்டேன்" என்றாள் ஆர்டிஸ். இறைச்சிப் பொட்டலங்களை வெட்டும் கத்தரிக்கோல் மேசையில் கிடந்தது. எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

மேலே, பெட்டி வைத்திருந்த பக்கவாட்டு அறையில் எல்லோரும் பார்த்து முடித்திருந்தார்கள். சவ அடக்க நிலையத்துக்காரர் மூடுவதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"ஒரு நிமிஷம் நான் தனியா இருக்கலாமுங்களா?"

"எத்தன நேரம் வேணும்னாலும் இருங்கம்மா" என்று அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வெளியே போனார். கதவை ஓசைப்படாமல் சாத்தினார்.

பெட்டியின் மேல் பாதி மட்டும் திறந்திருந்தது. அப்பாவின் முகத்துக்கு என்னவோ பூசி, அவருக்கு எப்போதும் இல்லாத சாந்தத்தைக் கொடுத்திருந்தார்கள். கைகள் ஒன்றன்மேல் ஒன்று. நகத்தை ஆர்டிஸ்தான் ஞாயிற்றுக்கிழமை வெட்டியிருந்தாள். அவர் மேல் கோபம் வரும் என்று நினைத்துக்கொண்டு வந்தாள். வரவில்லை, வந்தது அருவருப்பு. இந்த மனிதருக்காகவா அத்தனை வருஷம், அத்தனை பாத்திரம் என்று இருந்தது.

மூடிய பாதிக்குள் கையை விட்டு, கால்சட்டைக்குள் சொருகியிருந்த சட்டையை இழுத்தாள். போட்டுவிடும் வசதிக்காக நிலையத்துக்காரர்களே முதுகுப் பக்கத்தை நீளமாகக் கீறியிருந்தார்கள் போல, முன்பக்கம் மொத்தமும் கையோடு வந்தது. கம்பளி தடிமனாக இருந்தது. இறைச்சிக் கத்தரிக்கோல் மழுங்கலாக இருந்தது. நறுக்கு நறுக்கென்று பொறுமையாக, கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு வெட்டினாள். பிறகு மிச்சத்தை முன்பு இருந்ததைப் போலவே உள்ளே சொருகி, பட்டனைச் சரிசெய்தாள். தேய்த்த காலர் நன்றாகத்தான் நின்றது.

வெளியே வந்தபோது அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் கைக்குட்டையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, விரல்களில் ஒட்டியிருந்த சிவப்பு நூல்களைத் துடைத்துக்கொண்டாள்.

பாதிரியார் சுருக்கமாகவே பேசினார். அவருக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். கல்லறையில் மண் போடும்போது லைல் விக்கி விக்கி அழுதார். டுவேன் பெட்டியின்மேல் ஒரு காலித் தோட்டாவை வைத்தான். கீழ்த்தளத்தில் பன்னும் காப்பியும் முடிவதற்குள் அவன் ஆர்டிஸிடம் வந்தான்.

"நீ முன்னாடிப் போயி அடுப்பப் பத்த வெச்சுடறியா? நாங்க கொஞ்ச நேரத்துல வந்துடறோம். பசங்க எல்லாம் பசியோட வருவாங்க. கொழம்பு சூடா இருந்தா அப்பாவுக்கும் ஒரு இது."

"முன்னாடிப் போறேன்" என்றாள்.

ஆண்கள் குடிலுக்கு வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. புகைபோக்கியில் புகை இல்லை. ஆர்டிஸின் கார் வெளியே என்ஜின் ஓடிக்கொண்டிருக்க நின்றது. டுவேனும் லைலும் முன்னால் வர, காரி புதுத் துப்பாக்கியை உறையோடு தழுவிக்கொண்டு பின்னால் வந்தாள். மற்றவர்கள் மூட்டைகளை இறக்கினார்கள். உள்ளே காலடி வைத்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

நீலப் பூப்போட்ட துண்டுக்குப் பக்கத்தில், அதை இடித்துக்கொண்டு, சிவப்பும் கறுப்புமாகப் பெரிய கம்பளித் துண்டு ஒன்று ஆணியடித்திருந்தது. வெட்டு கோணல்மாணலாக இருந்தது. மேலே மையில் எழுதியிருந்தது: செல்மர், 1958.

ஆர்டிஸ் சுத்தியலை அதன் இடத்தில் வைத்துவிட்டு, கோட்டு பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

காரிதான் முதலில் பேசினாள். "தாத்தா தவறவே விட்டதில்லன்னு சொன்னீங்களேப்பா? அவரு எதத் தவறவிட்டாரு?"

டுவேனுக்கு முகம் கறுத்துவிட்டது. "அது அந்தச் சட்டையா? பெட்டிக்குள்ள இருந்ததா? ஆர்டி, உனக்குக் கிறுக்குப் புடிச்சுருக்கா?" அவன் இரண்டே எட்டில் சுவரை நெருங்கித் துண்டின் மேல் கை வைத்தான்.

"விடுறா" என்றார் லைல்.

"என்ன விடறது? செத்த மனுசன் சட்டைய—"

"கைய எடு." லைல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். வருஷத்தை மறுபடி ஒருமுறை படித்தார். நேற்றுக் கடையில் சிரித்த முகம் இல்லை அது. "ஆணி அடிச்சது அடிச்சதுதான். உங்கப்பன் போட்ட சட்டம்."

டுவேனின் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு கீழே இறங்கியது.

ஆர்டிஸ் காரியின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தாள். "குனிஞ்சு சுடாத. நிதானமா மூச்ச விட்டுட்டு அழுத்து" என்றாள். கார் கிளம்பிச் சதுப்புப் பாதையில் இறங்கும் சத்தம் நன்றாகக் கேட்டது.

யாரோ ஒருவன், அடுப்பையாவது பத்தவைப்போம் என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பினான். ஆறிக்கிடந்த அடுப்பின்மேல் பெரிய குழம்புப் பாத்திரம் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.